கண் எப்படி என்று கேட்டிருந்தேன்

கியோத்தோ, ஜப்பான்
8 மார்ச் 1926

அன்பு மனைவி ஹபீஸாவுக்கு ஸஹாப்தீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் கடலிலும் கரையிலும் எனக்கு ஒரு குறையும் வரவில்லை. நீயும் அப்படியே இருக்க துஆச் செய்கிறேன்.

கோபே துறைமுகத்தில் பம்பாய் வியாபாரிகளோடு பத்து நாள் தங்கினேன். அறையில் என்னைத் தவிர ஐந்து பேர். நான் கல் பொட்டலத்தைப் பிரித்தால் பத்துக் கண்களும் குனிந்து பார்க்கும். இது நமக்குச் சரிவராது என்று ரயிலேறி கியோத்தோ வந்து, ஒரு பழைய வீட்டின் பின்கட்டை வாடகைக்கு எடுத்துவிட்டேன். பெட்டியை இங்கே போட்டுவிட்டு ஒசாக்கா, நகோயா என்று எங்கும் போய் வரலாம். சுற்றுகிறவனுக்குத் திரும்பி வர ஓர் இடம் வேண்டுமல்லவா?

வாசலில் நின்று பார்த்தால் நம் பஜாரின் வெற்றிலைக் கடை அளவுதான் அகலம். உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கிறது. முன்னால் மரச்சட்ட அடைப்பு, பிறகு ஓர் அறை, இன்னோர் அறை, நடுவில் சின்ன முற்றம், அதற்கும் பின்னால் என் அறை. பக்கத்தில் மண்தரை நடை ஒன்று தெருவிலிருந்து கடைசிவரை ஓடுகிறது. அடுப்பும் கிணறும் அதில்தான். இங்கே அறையைப் பாயால் அளக்கிறார்கள். என்னுடையது ஆறு பாய் அறை. தரை முழுக்கத் தைத்த பாய் என்பதால் தொழ நினைத்தால் அப்படியே நின்றுவிடலாம்.

அந்த முற்றத்துக்காகத்தான் வீட்டை எடுத்தேன். காலையில் வெயில் நேரே விழாமல், கலங்காத வெளிச்சம் இறங்குகிறது. நீலக் கல்லை வெள்ளைத் தாளில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் இரத்தினபுரியிலேயே கிடையாது.

வீட்டுக்காரி யோனே என்ற கைம்பெண். எங்களுக்குள் கைப்பாஷைதான். அவருக்குத் தெரிந்த நிஷிதா என்பவர், இந்த ஊர்ப் பெண்கள் இடுப்புப் பட்டியில் கோக்கும் ஆபரணம் செய்கிறவர். கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவார். அவருக்கு ஒரே நிறத்தில் ஜோடி நீலங்கள் வேண்டுமாம். நான் போதாதா?

நோன்பு நாளில் விடியுமுன் எழுந்து ஸஹருக்குத் தவறாமல் சாப்பிடு. வஸ்ஸலாம்.

உன் ஸஹாப்தீன்

&nbsp;

இரத்தினபுரி, இலங்கை
17 ஏப்ரல் 1926

கண்ணியமிக்க என் கணவர் அவர்களுக்கு ஹபீஸாவின் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். பெருநாள் நல்லபடி கழிந்தது. உங்கள் காக்கா ரஸாக் வட்டிலப்பத்தை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தம்பி இல்லாத கவலையாம்.

வீட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. மறந்துவிடுவேன் என்று நினைத்தீர்களா?

உங்கள் வலது கண்ணில் புரை விழுந்தது இந்த ஊரில் நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். கண் மங்கிய கல் வியாபாரிக்கு பஜாரில் ஸலாம் சொல்வார்கள், பிளேன்டீ வாங்கிக் கொடுப்பார்கள், கல் மட்டும் காட்ட மாட்டார்கள். அதற்குப் பயந்துதானே அவ்வளவு தூரம் போனீர்கள். இடது கண்ணும் மங்கினால் அடுத்த கப்பலில் ஏறுவேன் என்று என் கையைப் பிடித்துச் சொன்னது நினைவிருக்கட்டும்.

ஜோடி சேர்க்க நான் போதாதா என்று பெருமை வேறு. பன்னிரண்டு வருஷமாக நீங்கள் சேர்த்த ஜோடியை எல்லாம் குசினி ஜன்னலில் வைத்து நானும் பார்த்திருக்கிறேன். இரண்டே தரம்தான் நாம் வேறு வேறு சொன்னோம். இரண்டு தரமும் நான் சொன்னதுதான் சரியாக இருந்தது.

கண் எப்படி?

ஹபீஸா

&nbsp;

கியோத்தோ
22 மே 1926

அன்பு ஹபீஸாவுக்கு ஸலாம். உன் கடிதம் வந்த அன்று நான் நகோயாவில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் யோனே அம்மா அதை என் தலையணை மேல் வைத்திருந்தார். உடம்பு இரும்பு மாதிரி இருக்கிறது.

ஒசாக்காவுக்கு மூன்று தரம், நகோயாவுக்கு ஒரு தரம் போய் வந்துவிட்டேன். போகிற இடமெல்லாம் சத்தம். இந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தால், தெரு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். மாடிப்படியை என்னவென்று எழுதுவேன்! படிகளுக்கு அடியில் எல்லாம் இழுப்பறை. அலமாரி மேல் ஏறித்தான் மாடிக்குப் போகிறோம். மாடிக் கூரை என் உயரத்துக்கு இல்லை. நெற்றியில் ஒரு புடைப்பு இருக்கிறது. யோனே அம்மா சிரிப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு ஈரத் துணி கொடுத்தார்.

நிஷிதாவுக்கு இரண்டு ஜோடி கொடுத்தேன். எடுத்துக்கொண்டார். ஜெர்மன் சாமானாக ஒரு பெரிய பூதக்கண்ணாடி வாங்கினேன், நல்ல கனம்.

அங்கே மழை தொடங்கியிருக்கும். களுகங்கை பெருகினால் காக்கா வீட்டுக்குப் போய்விடு.

உன் ஸஹாப்தீன்

&nbsp;

இரத்தினபுரி
26 ஜூன் 1926

என் கணவர் அவர்களுக்கு ஸலாம். களுகங்கை பெருகி பஜாருக்குள் முழங்கால் அளவு வந்துவிட்டுப் போனது. மாணிக்கக் குழிகளில் எல்லாம் தண்ணீர். வேலை இல்லாதவர்கள் கடை வாசலில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசுகிறார்கள். நான் காக்கா வீட்டுக்குப் போகவில்லை. கல் பொட்டலங்களை அரிசிப் பானைக்குள் வைத்து மச்சில் ஏற்றிவிட்டு நானும் ஏறிக்கொண்டேன்.

ரப்பர் தோட்டத்திலிருந்து கீரை கொண்டுவரும் தங்கம்மாவைத் தெரியுமே. அவள் புருஷன் இருளப்பனுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றி, பால் வெட்டுகிற மரத்தைத் தடவித்தான் கண்டுபிடிப்பாராம். கொழும்பில் கத்தி வைத்தார்கள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“ஏழு நாளு கட்டு போட்டு மல்லாக்கப் படுக்க வச்சாங்கம்மா. தலைய அசைக்கப்படாதுன்னு ரெண்டு பக்கமும் மணல் மூட்டை. நாந்தான் வாயில கஞ்சி ஊத்துனேன். எட்டாம் நாளு கட்டை அவுத்தாங்க. என் மூஞ்சிய உத்துப் பாத்துட்டு, ‘என்ன புள்ள, கெழவியாயிட்ட’ன்னு கேக்குறாருங்க. அடிக்கிறதா அழுவறதான்னு தெரியலைங்க.”

இப்போது தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடியும் பால் வெட்டுகிறார். இதைச் சும்மா எழுதினேன்.

ஏற்கனவே ஒரு பூதக்கண்ணாடி இருக்கும்போது பெரியது எதற்கு? கண் எப்படி என்று கேட்டிருந்தேன். நெற்றிப் புடைப்பைப் பற்றித்தான் பதில் வந்தது.

ஹபீஸா

&nbsp;

இரத்தினபுரி
20 ஆகஸ்ட் 1926

என் கணவர் அவர்களுக்கு ஸலாம். நான் சுகம். இரண்டு கப்பல் தபால் வந்தும் உங்கள் கையெழுத்தைக் காணவில்லை. தபால்காரர் என்னைக் கண்டால் இப்போது அடுத்த தெருவால் போகிறார், பாவம். கோபம் ஏதும் இருந்தால் அதையாவது எழுதுங்கள்.

ஹபீஸா

&nbsp;

கியோத்தோ
24 ஆகஸ்ட் 1926

அன்பு ஹபீஸாவுக்கு ஸலாம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். சுகமாக இருக்கிறேன். வெயில்தான் கொடுமை.

வெயில் காலம் வந்ததும் இந்த வீடு உடுப்பு மாற்றிக்கொண்டது. காகிதக் கதவுகளை எடுத்துவிட்டு நாணல் கதவு போட்டார்கள். கை வைத்தால் சொரசொரவென்று இருக்கும், காற்று அதற்குள்ளால் வரும். பாய்க்கு மேல் பிரம்பு விரித்திருக்கிறது, காலுக்குக் குளிர்ச்சி. மாலையில் முற்றத்துக் கல்லில் யோனே அம்மா தண்ணீர் தெளிப்பார், அந்த வாசனை என் அறை வரைக்கும் வரும். கிணறு என் கதவிலிருந்து பதினோரு அடி. அடுப்பு பதினெட்டு. நடையில் இறங்க ஒரு படி, அதன் விளிம்பு தேய்ந்து வழவழப்பாக இருக்கும்.

இந்த வீட்டில் ஒரு வழக்கம். யோனே அம்மா என் பக்கம் வரும்போது சுவரை இரண்டு தரம் தட்டிவிட்டுத்தான் வருவார். சாப்பாட்டுத் தட்டை எப்போதும் ஒரே இடத்தில்தான் வைப்பார். மிகவும் ஒழுங்கான மனிதர்கள்.

நிஷிதா போன வாரம் வந்தார். நான் கொடுத்த மூன்றாவது ஜோடியை முற்றத்தில் வெள்ளைத் தாளில் வைத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒன்றில் பச்சை கலந்திருக்கிறது என்றார். இவர்களைத் திருப்திப்படுத்துவது கஷ்டம். திருப்பி வாங்கிக்கொண்டேன்.

இந்த வெயிலில் எங்கும் போகவில்லை.

ஸஹாப்தீன்

&nbsp;

இரத்தினபுரி
25 செப்டம்பர் 1926

என் கணவர் அவர்களுக்கு ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. நான்கு தரம் வாசித்தேன்.

வீட்டில் மீதியிருந்த நீலங்களை எல்லாம் எடுத்துக் குசினி ஜன்னலில் வைத்து, விடியலில் சுபஹ் தொழுத கையோடு ஒன்பது நாள் பார்த்தேன். ஒன்பது ஜோடி தேறியது. ரெஜிஸ்தர் தபாலில் இத்துடன் வருகிறது. பொட்டலங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க நூல் கட்டியிருக்கிறேன். ஒரு முடிச்சு என்றால் இளநீலம். இரண்டு முடிச்சு நடுத்தரம். மூன்று முடிச்சு மயில் கழுத்து. நூலைத் தொட்டாலே தெரியும், பிரிக்க வேண்டியதில்லை. நிஷிதா ஐயாவின் கையில் அப்படியே கொடுத்துவிடுங்கள். பச்சை கலந்தது அதில் ஒன்றும் கிடையாது; அதற்கு நான் பொறுப்பு.

இந்தக் கடிதத்தில் நான் எதுவும் கேட்கவில்லை. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதியிருக்கிறேன். மை தாராளமாக இருந்தது.

யோனே அம்மாவுக்கு என் ஸலாத்தை எப்படியாவது சொல்லுங்கள். சுவரைத் தட்டுகிற அந்தக் கைக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

ஹபீஸா

&nbsp;

கியோத்தோ
30 அக்டோபர் 1926

ஹபீஸாவுக்கு ஸலாம்.

பார்சல் வந்தது. முடிச்சு நல்ல யோசனை. ஒன்பதையும் கொடுத்தேன். நிஷிதா முற்றத்து ஓரப் பாயில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் அறையில் இருந்தேன். கடைசியில் நெற்றி பாயில் படுகிற சத்தம் கேட்டது. அவ்வளவு குனிந்து வணங்கியிருக்கிறார். யார் சேர்த்தது என்று கேட்டார். என் வீட்டில் என்றேன். அந்தக் கண்ணுக்குத் தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னார்.

சொல்லிவிட்டேன்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. காகிதக் கதவுகள் திரும்பி வந்துவிட்டன. ஹபீஸா, எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

ஸஹாப்தீன்

&nbsp;

இரத்தினபுரி
3 டிசம்பர் 1926

என் கணவர் அவர்களுக்கு ஸலாம். நான் சுகமாக இருக்கிறேன்; கோபமாகவும் இருக்கிறேன்.

இனி மறைத்துப் பேச என்னால் முடியாது. இடது கண்ணும் போய்க்கொண்டிருக்கிறது. மார்ச் மாதத்தில் முற்றத்து வெளிச்சத்தைப் பற்றி எழுதினீர்கள். ஆகஸ்டில் சொரசொரப்பும் குளிர்ச்சியும் வாசனையும்தான் எழுதினீர்கள். வீட்டைப் பற்றிய வரிகளில் ஒரு நிறம் இல்லை. கண் உள்ள மனிதன் கிணற்றுக்கு அடி எண்ணுவானா? கடைசிக் கடிதத்தின் தாள் வரிவரியாக மடித்திருக்கிறது, எழுத்து கோணாமல் இருக்க விரலால் மடிப்பைத் தடவித் தடவி எழுதியிருக்கிறீர்கள். சுவரைத் தட்டுவது அந்த வீட்டு வழக்கம் அல்ல, உங்களுக்காக அந்த அம்மா உண்டாக்கிய வழக்கம். மொழி தெரியாத அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதா?

ஊர் சுற்றத் தோதாக இருக்கும் என்று எடுத்த வீடு. ஆறு மாதமாக அதை விட்டு நீங்கள் எங்கும் போகவில்லை. அடுத்த கப்பலில் ஏறுவேன் என்ற வாக்கை உடைத்துவிட்டீர்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தம்தான்.

ஆனால் இப்போது வராதீர்கள். வந்தால் கொழும்பில் கத்தி வைக்க வேண்டும், வைத்த அன்றே பஜாருக்குச் செய்தி வந்துவிடும். அது நடக்கக் கூடாது. நீங்கள் இருக்கும் ஊரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும். நிஷிதா ஐயாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதுங்கள். ஒரு சொல் குறைந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

ஹபீஸா

&nbsp;

கியோத்தோ
6 ஜனவரி 1927

ஹபீஸாவுக்கு ஸலாம்.

எல்லாம் நீ எழுதிய மாதிரிதான். வலது கண் முழுதும் மூடிவிட்டது. இடதில் வெளிச்சமும் நிழலும், கண்ணோடு ஒட்டிப் பிடித்தால் பெரிய எழுத்தும் தெரிகிறது. உன் கடிதத்தை மூன்று நாள், நண்பகலில், முற்றத்தில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தேன்.

டாக்டரிடம் போனோம். யோனே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், நிஷிதா மொழிபெயர்த்தார். வலது கண் புரை முற்றிவிட்டது, கத்தி வைக்கலாம், மார்ச் மாதத்தில் வா என்றார். பெரும்பாலும் பார்வை திரும்பும், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார். இரண்டு கண்ணையும் கட்டி ஒரு வாரம் அசையாமல் கிடக்க வேண்டும். அசைந்தால் கெட்டுவிடும்.

நான் முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எனக்குப் பயம், ஹபீஸா. இப்போது கொஞ்சம் நிழலாவது தெரிகிறது. கத்தி தவறினால் அதுவும் போய்விடும் என்று மனம் சொல்கிறது. அது வேறு கண் என்று டாக்டர் சொல்லியும் மனம் கேட்கவில்லை. கண்ணில்லாதவனாக யாரோ கையைப் பிடித்து அழைத்துப்போக நம் பஜாரில் நடக்க என்னால் முடியாது. இங்கே என்னை யாருக்கும் தெரியாது. இந்த வீட்டில் எனக்கு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. என்னை இப்படியே விட்டுவிடு. நீ உன் காக்கா தம்பிமாரோடு நன்றாக இரு. வரவேண்டும் என்று மட்டும் நினைக்காதே. இது பெண்கள் வருகிற தூரம் இல்லை.

ஸஹாப்தீன்

&nbsp;

கொழும்புத் துறைமுகம்
9 பெப்ரவரி 1927

என் கணவர் அவர்களுக்கு ஹபீஸாவின் ஸலாம். நான் சுகம். கடல் காற்றில் தலைத்துணிதான் நிற்க மாட்டேன் என்கிறது.

உங்கள் கடிதம் வந்த அன்று அழுதேன். மறுநாள் காலையில் என் தம்பி முக்தாரைக் கூப்பிட்டேன். பாஸ்போட்டுக்கு நான் டிசம்பரிலேயே படம் பிடித்துக் கொடுத்தாயிற்று. நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று தெரியாமலா பன்னிரண்டு வருஷம் உங்களோடு குடித்தனம் நடத்தினேன்? முக்தார் துணைக்கு வருகிறான். கப்பல் இன்று மாலை புறப்படுகிறது. நோன்புக்கு முன்னால் கோபேயில் இறங்குவோம். நிஷிதா ஐயாவுக்குத் தந்தி அடித்தாயிற்று.

உங்கள் காக்கா வீட்டுக்கு வந்து சத்தம் போட்டார். “பொம்புளையொண்டு கப்பலேறி சைனாக்காரன் தேசத்துக்குப் போறதா? ஊர் என்ன செல்லும்?”

“ஊர் என்ன செல்லும்ண்டு பார்த்தா பொம்புளை ஹஜ்ஜுக்கும் போக ஏலாதே மச்சான்” என்றேன். ஏன் போகிறாய் என்று கேட்டதற்கு, அந்த ஊர்ச் சாப்பாடு உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டேன். போன ஜும்ஆவில் பள்ளிவாசலே உங்கள் வயிற்றுக்காக துஆச் செய்தது. பொய்க்கு அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். துஆவை அவன் உங்கள் கண்ணுக்குத் திருப்பிவிடட்டும்.

நடக்கப் போவதைச் சொல்கிறேன். அந்த ஆறு பாய் அறையில் நானும் இருப்பேன். மார்ச்சில் ஆஸ்பத்திரிக்குப் போவோம். முடியாது என்ற பேச்சு அந்தக் கடிதத்தோடு முடிந்தது. ஒரு வாரம் நீங்கள் அசையாமல் கிடக்க, தலைமாட்டில் நான் உட்கார்ந்திருப்பேன். கஞ்சி ஊற்றத் தங்கம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கரண்டியைச் சாய்த்துப் பிடித்து, கீழ் உதட்டில் வைக்க வேண்டுமாம். கட்டை அவிழ்க்கிற அன்று என்னைக் கிழவி என்று சொன்னால் மட்டும் பொறுக்க மாட்டேன்.

கண் திரும்பினால் அல்ஹம்துலில்லாஹ். திரும்பாவிட்டாலும் நாம் இரத்தினபுரிக்கு வருவோம். பஜாரில் உங்கள் கையை யாரோ பிடிக்க மாட்டார்கள், நான் பிடிப்பேன். கல்லை நான் பார்க்கிறேன், பேச்சை நீங்கள் பேசுங்கள். எவன் கல் காட்ட மாட்டேன் என்கிறான் என்று பார்த்துவிடுவோம். அதுவரை அந்த நாட்டில் விற்க, முக்தாரைக் கொண்டு பஜாரில் வாங்கி நான் சேர்த்த முப்பது ஜோடி என் இடுப்பில் இருக்கிறது.

முக்தார் கூப்பிடுகிறான், படகு வந்துவிட்டதாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. இதையும் மூன்று நாள் வெயிலில் உட்கார்ந்து நீங்கள் எழுத்தெழுத்தாக வாசிக்க வேண்டாம். நானே வந்து பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறேன். பதிலை எழுத வேண்டாம். வாயால் சொன்னால் போதும்.

ஹபீஸா